பை என்னும் சிறு சொல்

சொற்களுள் சில, வாயில்களைப் போன்றவை. திறந்தால் ஒரு வீடே தெரியும். வேறு சில, சுவரில் தீட்டிய வாயில்களைப் போன்றவை. பார்வைக்கு நன்றாக இருக்கும், உள்ளே போக முடியாது. அறிவியல் கலைச்சொற்கள் மாணவர் பலருக்கு இரண்டாம் வகையாகவே அமைந்துவிடுகின்றன. சொல்லை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வுத்தாளில் எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். சொல் சுட்டும் பொருளை மட்டும் காணாமலே அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.

33 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், இந்த உண்மையை ஓய்வுபெற்ற பிறகே உணர்ந்தார். அவருக்கு அதை உணர்த்தியவர்கள் இருவர். ஒருத்தி, அவரிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்ற மாணவி. மற்றொருவர், பள்ளிக்கூடத்துள் ஒரு நாளேனும் அமர்ந்து படித்திராத அவருடைய தாயார்.

மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவத்தில் படிக்கிறாள். உயிரியல் பாடத்தை மலாய்மொழியில் பயில்கிறாள். ஒரு மாலைப் பொழுதில் பாடநூலும் கையுமாக ஆசிரியர் வீட்டுக்கு வந்தாள். நூலில் உயிரணுவின் படம் ஒன்று இருந்தது. கோல்கி உறுப்பின் ஓரத்தில் சின்னஞ்சிறு வட்டங்கள் சில வரையப்பட்டிருந்தன. அவற்றின் அருகே ‘வெசிகல்’ என்று எழுதியிருந்தது.

“ஐயா, இதற்குத் தமிழில் என்ன பெயர்? இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று கேட்டாள்.

ஆசிரியருக்கு உடனே விடை தோன்றவில்லை. அலமாரியிலிருந்து ஆங்கிலம் தமிழ் அகராதியை எடுத்துப் புரட்டினார். ‘கொப்புளம்’ என்று கண்டிருந்தது. அதனையே படித்துக் காட்டினார்.

மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “உயிரணுவுக்கு அம்மை போட்டிருக்கிறதா, ஐயா?” என்றாள்.

அவளுடைய சிரிப்பில் குறும்பு இருந்ததே தவிர, இகழ்ச்சி இல்லை. ஆனால், அடுத்து அவள் சொன்ன சொற்கள்தாம் ஆசிரியரைச் சுட்டன. “எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்ப் பாடம் எடுப்பதா, விடுவதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஐயா. தமிழ் கதை படிப்பதற்கும் கோயிலுக்குப் போவதற்கும் போதும். படிப்புக்கு அது எதற்கு என்கிறார் அப்பா. நான்தான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.”

‘சொல்லிக்கொண்டிருந்தேன்’ என்று அவள் இறந்தகாலத்தில் சொன்னதை ஆசிரியர் கவனித்தார். அவள் விடைபெற்றுச் சென்ற பின்னும் அந்த ஒரு வினைமுற்று அவர் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

தமிழால் இயலாதது எதுவும் இல்லை என்று மேடைதோறும் முழங்கியவர் அவர். 2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தபோது, உள்ளம் நொந்து கூட்டங்களில் பேசியவர். அத்திட்டம் கைவிடப்பட்டு, அறிவியல் மீண்டும் தமிழுக்குத் திரும்பியபோது மகிழ்ந்தவர். இன்று ஒரு சிறு வட்டத்தின் பெயர் அவருடைய முழக்கங்களை எல்லாம் நிறுத்தி வைத்துவிட்டது. தமிழ் தோற்றதா, தமிழாசிரியர் தோற்றாரா என்ற கேள்வி எழுந்தது. தமிழைக் குறை கூறுவதைவிடத் தம்மைக் குறை கூறிக்கொள்வதே நேர்மை என்று அவர் எண்ணினார். எண்ணியதோடு நில்லாமல் தேடத் தொடங்கினார்.

முதலில் அகராதி பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. வெசிகல் என்னும் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் ‘வெசிகா’ என்றால் பை; சிறுநீர் தங்கும் பைக்கும், தோலில் நீர் கோத்து எழும் கொப்புளத்துக்கும் அதுவே பெயர். அதனோடு சிறுமைப் பொருள் தரும் ஈறு சேர்ந்து ‘வெசிகுலா’ ஆயிற்று. சிறிய பை என்பது அதன் பொருள். மருத்துவர் தோலைப் பார்த்து அச்சொல்லைச் சொன்னால், தெளிந்த நீர் கோத்த சிறு கொப்புளம் என்று கொள்ள வேண்டும். நீர்க்கொளுவான் அம்மையில் எழுவது அதுவே. தமிழ்க் குடும்பங்களில் அதனை ‘முத்து’ என்று சொல்லும் வழக்கமும் உண்டு. உயிரியலார் நுண்ணோக்கியில் உயிரணுவைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னால், மெல்லிய சவ்வால் சூழப்பட்டு, உள்ளே நீர்மம் நிறைந்த மிகச் சிறிய பை என்று கொள்ள வேண்டும். சொல் ஒன்றுதான், அது நிற்கும் இடம் வேறு. அகராதி ஓர் இடத்தைச் சொல்லி, மற்றோர் இடத்தைச் சொல்லாமல் விட்டிருந்தது. அவ்வளவே.

இங்கே ஆசிரியர் வியப்போடு ஒன்றைக் கண்டார். இலத்தீன் மொழியினர் செய்ததையே தமிழரும் செய்திருக்கிறார்கள். உண்ட உணவு தங்குமிடம் இரைப்பை. பித்தநீர் தங்குமிடம் பித்தப்பை. சிறுநீர் தங்குமிடம் சிறுநீர்ப்பை. குழந்தை வளருமிடம் கருப்பை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இச்சொற்களைப் பொருள் உணர்ந்தே வழங்குகிறார்கள். ஓரெழுத்தாலான ‘பை’ என்னும் சொல்லை வைத்துக்கொண்டு உடலின் உள்ளறைகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய மொழிக்கு, உயிரணுவின் உள்ளிருக்கும் சிறு பைக்குப் பெயர் சூட்டுவது அரிய செயலா? ‘நுண்பை’ என்றால் போதும். ‘புடகம்’ என்னும் கலைச்சொல்லும் இதற்கு வழங்குவதை அவர் பின்னர் அறிந்தார். அதுவும் நல்ல சொல்லே. ஆயினும், ஒரு சிறுமிக்கு முதலில் திறந்து காட்ட வேண்டிய கதவு ‘நுண்பை’ என்றே அவருக்குத் தோன்றியது.

பெயர் கிடைத்துவிட்டது, பொருள் கிடைத்துவிட்டதா? இல்லை. அந்தப் பை எதற்கு என்று அறியாமல் பெயரை மட்டும் கொடுத்தால், சுவரில் இன்னொரு வாயிலைத் தீட்டியது போலாகும். ஆகவே, மேலும் படித்தார்.

உயிரணுவுக்குள் செய்யப்படும் புரதங்கள் பல, நுண்பைகளில் ஏறியே இடம் விட்டு இடம் செல்கின்றன. கணையத்தின் உயிரணுக்களில் இன்சுலின் இத்தகைய பைகளுக்குள் அடங்கிக் காத்திருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, பை உயிரணுவின் ஓரத்தை அடைந்து, அதன் சவ்வோடு இணைந்து, உள்ளிருப்பதை வெளியே விடுகிறது. இனிப்புநீர் நோயைப் பற்றிப் பேசாத தமிழர் வீடு இந்நாட்டில் அரிது. ஆனால், அந்நோயோடு தொடர்புடைய இன்சுலின் ஒரு நுண்பையில் காத்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நரம்பின் முனையிலும் நுண்பைகள் உள்ளன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 25,000 பைகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்கு விடுக்கும் செய்தி அவற்றுள் அடங்கியுள்ளது. இப்பைகள் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் எவ்வாறு சென்று சேர்கின்றன என்பதை விளக்கியமைக்காகவே, ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் ஆகிய மூவருக்கும் 2013ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நுண்பையை ஒத்த இன்னொன்றைப் பற்றியும் அவர் படித்தார். அதற்கு ‘வாக்குவோல்’ என்று பெயர். வெறுமை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1841ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் துழார்தேன், ஓரணு உயிர்களுக்குள் தெளிவான சிறு வட்டங்களைக் கண்டு அப்பெயரை இட்டார். தமிழிலும் அதனைப் பின்பற்றிப் ‘புன்வெற்றிடம்’ என்று மொழிபெயர்த்தவர்கள் உண்டு. ஆனால், அது வெற்றிடமன்று. செடிகளின் உயிரணுவில் அதற்குள் நீரும் உப்பும் அமிலமும் சர்க்கரையும் நிறமும் நிறைந்திருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் ஒன்றும் இல்லை என்று பெயரிட்டுவிட்டார்கள். உள்ளிருப்பது தெரிந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் வைப்பவர் பார்வையின் எல்லையும் பெயரோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இது சான்று.

அந்தப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு செய்தி அவரை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ரப்பர் மரத்தின் பாலிலும் இத்தகைய சிறு பைகள் உள்ளன என்றும், அவற்றுக்கு ‘லூட்டாய்டு’ என்று பெயர் என்றும் அங்கே எழுதியிருந்தது. ரப்பர் மரம்! அவர் பிறந்து வளர்ந்த உலகம் அல்லவா அது!

ஆசிரியரின் தாயார் பதினான்கு வயதில் உளி பிடித்தவர். பேராக் மாநிலத்தின் தோட்டமொன்றில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தம் நிரைக்குச் சென்று, நெற்றி விளக்கின் ஒளியில் ஒவ்வொரு மரமாக வெட்டிச் செல்வார். பள்ளி விடுமுறை நாட்களில் எட்டு வயது மகனும் மங்குகளைத் துடைத்து வைக்க உடன் செல்வான். வெட்டிய கோட்டின் வழியே பால் இறங்கி மங்கில் சொட்டும். வெயில் ஏற ஏறச் சொட்டு குறையும், பிறகு நின்றுவிடும். ஒரு நாள் சிறுவன் கேட்டான்: “அம்மா, மரத்துக்குள் இன்னும் பால் இருக்குமே! ஏன் நின்றுவிட்டது?”

தாயார் சொன்னார்: “மரம் தன் புண்ணைத் தானே கட்டிக்கொள்ளும், தம்பி. கட்டாவிட்டால் ஒரே நாளில் வற்றிவிடாதா? நாளைக்கு நமக்குக் கஞ்சி ஏது?”

அச்சிறுவன் படித்தான், ஆசிரியரானான். தாயார் சொன்னதை எளிய மக்களின் கற்பனை என்று அன்போடு ஒதுக்கி வைத்துவிட்டான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அறிவியல் நூல் அதையே வேறு சொற்களில் அவரிடம் சொன்னது.

மரப்பட்டைக்குள் உயிரணுக்கள் வரிசையாக அமைந்து, இடைச்சுவர்கள் கரைந்து, நுண்ணிய குழாய்களாகின்றன. அக்குழாய்களில் ஓடும் பால், மரத்தின் கழிவுமன்று, வெறும் சாறுமன்று. உயிரணுவின் உள்ளிருக்கும் உயிர்ப்பொருளே அது. விடியற்காலையில் குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். ஆகவேதான் இருட்டில் வெட்டினார்கள். பாலில் ரப்பர்த் துகள்கள் மிதக்கின்றன. அவற்றின் மேற்புறம் எதிர்மின் தன்மை உடையது. ஒன்றை ஒன்று விலக்குவதால் துகள்கள் திரண்டுவிடாமல் ஓடுகின்றன. அவற்றின் நடுவே, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ள லூட்டாய்டுப் பைகளும் மிதக்கின்றன. அந்தப் பைகளுக்குள் அமிலத் தன்மை கொண்ட நீர்மமும், நேர்மின் தன்மை உடைய புரதங்களும், மக்னீசியம், கால்சியம் ஆகியவையும் அடங்கியுள்ளன. பை உடையாதவரை இரண்டும் கலப்பதில்லை. உளி பட்டதும் பால் விரைந்து வெளியேறுகிறது; அழுத்தம் குறைகிறது; பக்கத்து அணுக்களிலிருந்து நீர் உட்புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. அந்த மாற்றத்தைத் தாங்காமல் பைகள் உடைகின்றன. உள்ளிருந்தவை வெளிப்பட்டு ரப்பர்த் துகள்களைத் திரளச் செய்கின்றன. திரண்டவை குழாய்களின் வாயை அடைக்கின்றன. பால் நிற்கிறது. மறுமுறை உளி ஒரு மெல்லிய சீவலை எடுக்கும்போது அடைப்பும் நீங்குகிறது. பால் மீண்டும் ஓடுகிறது.

லூட்டாய்டுக்கும் பால் நிற்பதற்கும் உள்ள தொடர்பை 1960களில் ஆராய்ந்து விளக்கியவர்களுள், மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த சதர்ன் என்னும் ஆராய்ச்சியாளர் முதன்மையானவர். அதே ஆண்டுகளில் தாயார் நாள்தோறும் உளி பிடித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளரிடம் நுண்ணோக்கி இருந்தது. தாயாரிடம் கண் இருந்தது. இருவரும் ஒரே மரத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் கண்டது நூலாயிற்று. மற்றவர் கண்டது மகனுக்குச் சொன்ன ஒரு வாக்கியத்தோடு நின்றுபோயிற்று. தாயார் நுண்பையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. அவர் கண்டது செயலை. அதன் காரணத்தை அன்று. ஆயினும், காரணத்தைத் தேடிச் செல்லும் கேள்வி அந்தத் தோட்டத்துப் பேச்சிலேயே இருந்தது. அதனைப் பாடமாக்கத் தவறியவர் தாமே என்று ஆசிரியர் வருந்தினார்.

அடுத்த வார இறுதியில் மாணவியை, அவளுடைய தாயாரின் இசைவோடு, ஆசிரியர் வரச் சொன்னார். அவர்கள் வாழ்ந்த தோட்டம் செம்பனைக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால், அவர்கள் குடியிருக்கும் தாமானுக்கு அருகில் உள்ள கம்பத்தில் மலாய்க்காரர் ஒருவரின் சிறு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் மூவரும் ஒரு மரத்தடியில் நின்றார்கள். தோட்டக்காரர் வெட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். பால் வழிந்தது.

“இந்தப் பாலில் உன் பாடநூலில் உள்ள வட்டங்களைப் போன்றவை மிதக்கின்றன, அம்மா” என்று ஆசிரியர் தொடங்கினார். பைகளைப் பற்றியும், அவை பிரித்து வைத்திருப்பவை எவை என்பது பற்றியும், உடைந்தால் என்ன நிகழும் என்பது பற்றியும் சொன்னார். மாணவி பாலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நேரம் சென்றது. சொட்டுக்குச் சொட்டு இடைவெளி நீண்டது. ஒரு சொட்டு கோட்டின் முனையில் தொங்கியது, விழவில்லை.

“உடைந்துவிட்டன!” என்றாள் மாணவி.

பிறகு சற்று எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: “அப்படியானால், ஐயா, பை என்பது பொருளை வைத்திருக்க மட்டுமன்று, நேரம் வரும்வரை கலக்காமல் பிரித்து வைக்கவும்தானே? இன்சுலினும் அப்படித்தானே காத்திருக்கிறது?”

33 ஆண்டுகளில் தம் வகுப்பறையில் எத்தனை முறை இப்படி ஒரு விடையைக் கேட்டிருப்போம் என்று ஆசிரியர் எண்ணிப் பார்த்தார். அதிகமில்லை. சொல்லை முதலில் கொடுத்து, பொருளைப் பிறகு கொடுப்பதாகச் சொல்லி, பாடத்திட்டம் முடிய வேண்டுமே என்ற அவசரத்தில் பொருளைக் கொடுக்காமலே விட்ட நாட்கள் பல. தமிழில் கற்பித்தார் என்பது உண்மை. தமிழால் கற்பித்தாரா என்பது வேறு கேள்வி.

மாணவி குறிப்பேட்டை எடுத்து மூன்று கட்டங்கள் வரைந்தாள். மலாய்க் கட்டத்திலும் ஆங்கிலக் கட்டத்திலும் பாடநூற் சொற்களை எழுதினாள். தேர்வு எழுதுவதற்கு அவை வேண்டும். அவற்றைத் தமிழ் அகற்ற வேண்டியதில்லை. மூன்றாம் கட்டத்தில் ‘நுண்பை’ என்று எழுதினாள். “இந்த ஒன்றுக்குத்தான் எனக்கு விளக்கம் எழுதத் தேவையில்லை, ஐயா, சொல்லிலேயே இருக்கிறது” என்றாள். தேர்வில் தமிழ் எடுப்பது பற்றி அவள் அன்று உறுதி எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் இன்னொரு முறை பேசிப் பார்ப்பதாக மட்டும் சொன்னாள். ஆசிரியரும் வற்புறுத்தவில்லை. ஒரு மொழி தேவையானது என்று சொல்லி நிறுவுவதைவிட, அது தேவைப்படுமாறு கற்பிப்பதே ஆசிரியர் கடமை என்பதை அவர் காலம் தாழ்த்தியேனும் அறிந்துகொண்டார்.

மூதாட்டி இவ்வளவு நேரமும் மரத்தின் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்து மரத்தில் முந்திய வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை விரலால் நெம்பி, அறாமல் ஒரே இழையாக உரித்தார். அந்தக் கை பழக்கத்தை மறக்கவில்லை. அதை மாணவியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “என்ன பெயர் எழுதினாய், கண்ணு?” என்று கேட்டார்.

“நுண்பை, பாட்டி.”

மூதாட்டி அச்சொல்லை ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். “மரத்துக்குள்ளே சின்னப் பை. அதுதானா கட்டுகிறது!” என்றார். அவருக்கு யாரும் அச்சொல்லை விளக்கவில்லை.